ஓட்டு பிரிந்த செவ்வாய்க்கிழமை: அமெரிக்க பிரைமரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் "இவர் நின்றதால் அவருடைய ஓட்டு பிரிந்துவிட்டது" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கட்சிக்குள் நடக்கும் பிரைமரியில் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். இதற்கு எல்லோரும் காட்டும் பழைய உதாரணம் 1988 மார்ச் 8. ஜனநாயகக் கட்சியின் தென்மாநிலத் தலைவர்கள், தங்கள் பகுதி ஆள் ஒருவரை முன்னுக்குத் தள்ளுவதற்காகவே ஒரு தேர்தல் நாளை உருவாக்கினார்கள். அன்று தெற்கின் ஓட்டு சிதறியது. லாபம் வடக்கிலிருந்து வந்தவருக்குப் போனது. அந்த நாளை நடுவில் வைத்துக்கொண்டு, இந்தத் தலைப்பில் வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பிரைமரி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தல். மாநிலம் மாநிலமாக, வேறு வேறு தேதிகளில் நடக்கும். சில மாநிலங்களில் வாக்குச்சாவடிக்குப் பதிலாகக் கூட்டம் கூடி முடிவெடுப்பார்கள். அதற்கு காக்கஸ் என்று பெயர். எதுவானாலும் மக்கள் போடும் ஓட்டு நேராக வேட்பாளருக்குப் போவதில்லை. அது பிரதிநிதிகளாக மாறும். அந்தப் பிரதிநிதிகள் கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த "மாறும்" என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சூப்பர் டியூஸ்டே என்ற ஏற்பாட்டை யார், எதற்காகச் செய்தார்கள்?

பல மாநிலங்கள் ஒரே செவ்வாய்க்கிழமையில் பிரைமரி வைப்பதுதான் சூப்பர் டியூஸ்டே. அந்தப் பெயர் முன்பே உண்டு. 1988-ல் புதிதாக நடந்தது, தெற்கு மொத்தமும் சேர்ந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டது.

காரணம் 1984. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வால்டர் மாண்டேல் 50 மாநிலங்களில் 49-ஐ குடியரசுக் கட்சியின் ரீகனிடம் தோற்றார். தன் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்தான் மிஞ்சின. தெற்கில் கட்சிக்கு ஆளுநர்களும் செனட்டர்களும் இருந்தார்கள். அதிபர் தேர்தல் வந்தால் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. தென்மாநிலத் தலைவர்கள் போட்ட கணக்கு இது: ஐயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்ற இரண்டு சிறிய வடக்கு மாநிலங்கள் முதலில் ஓட்டுப் போடுகின்றன, அங்கே தாராளவாத வேட்பாளர்கள் முந்திவிடுகிறார்கள், நம் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நாம் எல்லோரும் ஒரே நாளில், சீக்கிரமாக ஓட்டுப் போட்டால், மிதவாதியான தெற்கத்தி வேட்பாளர் ஒருவர் ஒரே தாவலில் முன்னிலைக்கு வந்துவிடுவார்.

மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றாகத் தேதியை மாற்றின. கடைசியில் தெற்கு மாநிலங்களும் தெற்கும் வடக்கும் சந்திக்கும் எல்லை மாநிலங்களுமாக 14 மாநிலங்கள் மார்ச் 8-க்கு வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் (தலைநகரம் அல்ல, வடமேற்கு மாநிலம்), ஐடஹோ, ஹவாய், நெவாடா ஆகியவையும் அதே நாளில் சேர, மொத்தம் 20 மாநிலங்கள்.

பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை யார்? ஜார்ஜியா செனட்டர் சாம் நன் வருவார் என்று பலர் காத்திருந்தார்கள்; அவர் வரவில்லை. ஆர்கன்சா ஆளுநர் பில் கிளிண்டன் 1987-ல் யோசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மிஞ்சியவர் டென்னசி செனட்டர் அல் கோர். அப்போது அவருக்கு வயது 39.

அன்று என்ன நடந்தது?

அந்த 14 மாநிலங்களின் முடிவு இது. கறுப்பின உரிமைப் போராளியும் போதகருமான ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு ஐந்து: அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா. அல் கோருக்கு ஐந்து: டென்னசி, கென்டக்கி, ஆர்கன்சா, ஓக்லஹோமா, வட கரோலினா. மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸுக்கு மூன்று: டெக்சஸ், ஃபுளோரிடா, மேரிலாந்து. மிசூரியின் காங்கிரஸ் உறுப்பினர் டிக் கெப்ஹார்ட் தன் மாநிலத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்.

எண்ணிக்கையைப் பார்த்தால் டுகாகிஸ் மூன்றாவது. ஆனால் அவர் எடுத்த மூன்றில் இரண்டு தெற்கின் மிகப் பெரிய மாநிலங்கள். அதோடு மாசசூசெட்ஸ், வாஷிங்டன், ஹவாய் எல்லாம் சேர்ந்தபோது, மறுநாள் காலை நாடு முழுக்கப் பரவிய வேட்பாளர் அவர் ஒருவர்தான் என்ற தோற்றம் வந்துவிட்டது. ஓட்டு எண்ணிக்கையில் மூவரும் ஏறக்குறைய சமம். யாரும் வெல்லாத ஒரு நாளில் தோற்காமல் தப்பித்தவர் அவர். அந்தச் சூழ்நிலையில் அதுவே போதுமானதாக இருந்தது.

ஜாக்சனும் கோரும் தெற்கின் ஓட்டைப் பிரித்துக்கொண்டதால்தான் டுகாகிஸ் ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. என் கருத்தில் பாதிகூட இல்லை.

ஓட்டு பிரிந்தது என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இவர் நிற்காவிட்டால் அந்த ஓட்டு அவருக்குப் போயிருக்க வேண்டும். ஜாக்சன் வாக்காளர்கள் யார்? அன்று தெற்கில் ஓட்டுப் போட்ட கறுப்பின மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவருக்குப் போட்டார்கள். வெள்ளையரிடம் அவருக்குக் கிடைத்தது சொற்பம். ஜாக்சன் பேசியது மூடப்பட்ட ஆலைகள், கடனில் மூழ்கிய விவசாயிகள், குறைந்த கூலி பற்றி. கோர் அன்று பேசியது பலமான ராணுவம், மிதவாதம் பற்றி. ஜாக்சன் வீட்டிலேயே இருந்திருந்தால் அவருடைய ஆட்களில் பலரும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். வந்தவர்கள் கோருக்குத்தான் போட்டிருப்பார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இன்னொரு விஷயம். சூப்பர் டியூஸ்டேயைத் திட்டமிட்டவர்கள் "தெற்கு" என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது மிதவாத வெள்ளைத் தெற்கு. ஜனநாயகக் கட்சியின் தெற்கில் கறுப்பின வாக்காளர்கள் பெரிய பங்கு என்பது அவர்கள் கணக்கில் சரியாக ஏறவில்லை. ஜாக்சன் பிறந்தது தென் கரோலினாவின் கிரீன்வில்லில். குடியிருந்தது சிகாகோவில் என்றாலும் அவரும் தெற்கத்தியர்தான். ஆக, தெற்கு தன் மண்ணின் மைந்தர்கள் இருவருக்கு ஆளுக்கு ஐந்து மாநிலம் கொடுத்தது. ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்த மைந்தர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்?

கோரும் கெப்ஹார்ட்டும். இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் எண்கள் இங்கேதான் சுவாரசியமாகின்றன.

டெக்சஸை எடுத்துக்கொள்வோம். டுகாகிஸ் சுமார் 33 சதவீதம், ஜாக்சன் 25, கோர் 20, கெப்ஹார்ட் 14. கோரையும் கெப்ஹார்ட்டையும் கூட்டினால் 34. ஒரு புள்ளி கூடுதல். லூசியானாவிலும் இதே கதை: ஜாக்சன் சுமார் 35, கோர் 28, கெப்ஹார்ட் பத்துக்குச் சற்று மேல். இருவரும் தேடியது பெரும்பாலும் ஒரே வாக்காளரை: சின்ன ஊரில் இருக்கும், ஆலையிலோ பண்ணையிலோ வேலை பார்க்கும் வெள்ளை ஜனநாயகக் கட்சிக்காரர்.

கெப்ஹார்ட் ஐயோவாவில் முதலிடம் பிடித்தவர். ஆனால் அதற்கே கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார். மார்ச் 8-க்கு 20 மாநிலங்களில் தொலைக்காட்சி விளம்பரம் வாங்க வேண்டும், பணம் இல்லை. பணம் இருந்த டுகாகிஸ் தரப்பு ஒரு விளம்பரம் போட்டது: கோட்டும் டையும் மாட்டிய ஒருவர் கெப்ஹார்ட் மாதிரியே இருப்பார், திரையில் இந்தப் பக்கம் ஒரு குட்டிக்கரணம், அந்தப் பக்கம் ஒரு குட்டிக்கரணம். கெப்ஹார்ட் தன் நிலைப்பாடுகளை எத்தனை முறை மாற்றினார் என்று குரல் சொல்லிக்கொண்டே போகும். பதில் விளம்பரம் போடக் காசில்லாத ஆளுக்கு இது மரண அடி. கோரும் தன் பங்குக்கு அவரைத்தான் சாடினார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படி இரண்டு பேர் ஓட்டைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு எப்போதும் காகிதக் கணக்குதான். கெப்ஹார்ட் விலகியிருந்தால் அவர் ஆட்களில் சிலர் டுகாகிஸிடமும் போயிருப்பார்கள். ஃபுளோரிடாவில் கூட்டினாலும் தேறாது: டுகாகிஸ் 41, கோரும் கெப்ஹார்ட்டும் சேர்ந்து 27.

கோர் சொந்த மண்ணில்கூடத் திணறினாரா?

டென்னசியில் 72 சதவீதம். அங்கே திணறவில்லை. பக்கத்து வட கரோலினாவில்தான் ஜாக்சனை இரண்டு புள்ளியில் தாண்டினார். அது புகையிலை மாநிலம். அங்கே விவசாயிகள் முன் கோர் பேசியது பிற்பாடு அவரைத் துரத்தியது: நாற்றங்காலில் விதைத்ததிலிருந்து, பிடுங்கி நட்டு, களை கொத்தி, கொட்டகையில் ஏற்றி, விற்றது வரை எல்லாம் என் கையாலேயே செய்திருக்கிறேன் என்றார். அவருடைய அக்கா நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் நுரையீரல் புற்றுநோயில் இறந்திருந்தார். இரண்டு புள்ளிக்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

வடக்கிலிருந்து வந்த டுகாகிஸ் டெக்சஸையும் ஃபுளோரிடாவையும் எப்படிப் பிடித்தார்?

அவர் தெற்கைப் பிடிக்க முயலவே இல்லை. தெற்கின் ஓரங்களைப் பிடித்தார். அவருடைய குழு இதற்கு நாலு மூலைத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தது: டெக்சஸின் தென்கோடி, ஃபுளோரிடாவின் தென்கோடி, பிறகு வடகிழக்கு, வடமேற்கு. டெக்சஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் ஏராளம். டுகாகிஸ் ஸ்பானிய மொழியில் சரளமாகப் பேசுவார். கிரேக்கத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஃபுளோரிடாவின் தென்பகுதியில் நியூயார்க், நியூ ஜெர்சியிலிருந்து ஓய்வு பெற்று வந்து அடுக்ககங்களில் குடியிருந்த யூத முதியவர்கள் அதிகம். வரைபடத்தில் அது தெற்கு, மனதில் வடகிழக்கு. அவர் மனைவி கிட்டியும் யூதர்.

நடுத் தெற்கில் கோரும் ஜாக்சனும் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தபோது, இவர் யாரும் கண்டுகொள்ளாத மூலைகளில் நின்று அறுவடை செய்துகொண்டு போனார். எதிரிகளின் ஓட்டு பிரிந்தது உதவியது என்பது சரி. எங்கே பிரியாது என்று பார்த்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெற்கின் மிதவாத வெள்ளையர் எல்லோரும் கோருக்கு ஏன் வரவில்லை?

ஒரு கூட்டம் அந்த வாக்குச்சீட்டையே கையில் எடுக்கவில்லை. டெக்சஸ், ஜார்ஜியா, அலபாமா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் வாக்காளர் கட்சிப் பெயரில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அன்றைக்கு எந்தக் கட்சியின் பிரைமரியில் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். குடியரசுக் கட்சியும் அதே மார்ச் 8-ல்தான் பிரைமரி வைத்தது. ரீகனுக்குப் பழகிப்போன பழமைவாத வெள்ளையர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தேதியை ஒன்றாக்கியதில் யாரும் யோசிக்காத பக்கவிளைவு இது.

சரி, ஓட்டு பிரிந்தால் பிரதிநிதிகள் கணக்கு எப்படி மாறும்?

நம்மூர் எம்எல்ஏ தேர்தல் பழக்கத்தில் யோசித்தால் இங்கே தப்பு வரும். அங்கே 35 சதவீதம் வாங்கினவர் ஜெயித்தால் 34 வாங்கினவருக்கு ஒன்றுமில்லை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் அடிப்படை விதி விகிதாசாரம்: ஓட்டுக்கு ஏற்றபடி பிரதிநிதிகள். ஆனால் ஒரு கோடு உண்டு, 15 சதவீதம். அதைத் தாண்டாதவருக்குப் பூஜ்யம். அந்தக் கோடு 1984-ல் 20 ஆக இருந்தது. பெற்ற ஓட்டுக்கு ஏற்ற பிரதிநிதிகள் தனக்குக் கிடைக்கவில்லை என்று ஜாக்சன் அப்போது போராடினார். 1988-க்கு 15 ஆகக் குறைத்தார்கள்.

கற்பனையாக ஒரு தொகுதி. பிரதிநிதி இடம் 5. 'அ' 40 சதவீதம், 'ஆ' 35, 'இ' 13, 'ஈ' 12. கடைசி இரண்டு பேரும் கோட்டைத் தாண்டவில்லை; அவர்களை எடுத்துவிட்டு மீதி 75-ஐ நூறாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். 'அ'வுக்கு 3, 'ஆ'வுக்கு 2. 'இ'க்கும் 'ஈ'க்கும் போட்ட 25 சதவீதம் பேர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருவரில் ஒருவர் விலகி இன்னொருவருக்கு ஆதரவு கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் 25 ஆகியிருக்கும். அதே தொகுதியில் 2, 2, 1 என்று முடிந்திருக்கும். இதுதான் பிரைமரியில் ஓட்டு பிரிவதன் நிஜமான வலி. முதலிடத்தைப் பறிகொடுப்பதைவிடக் கோட்டுக்குக் கீழே விழுவதுதான் மோசம். மாநில அளவில் பார்த்தால் ஃபுளோரிடாவில் கோர், கெப்ஹார்ட் இருவருமே 15-க்குக் கீழே, டெக்சஸில் கெப்ஹார்ட்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இடம் 4 உள்ள தொகுதியில் இருவர் மட்டும் போட்டி என்றால், 55-45 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவது வேண்டும் என்றால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஊர் ஊராகச் சுற்றி, மேடை மேடையாகப் பேசி, கடைசியில் சமன்.

1988-ல் எல்லா மாநிலமும் இந்த விகிதாசாரத்தைச் சுத்தமாகப் பின்பற்றவில்லை; சில இடங்களில் முதலிடம் வந்தவருக்குக் கூடுதல் சலுகை இருந்தது. அந்தத் தேர்தல் முடிந்த கையோடு ஜாக்சன் தரப்பு பேரம் பேசி, 1992 முதல் எல்லா மாநிலமும் விகிதாசாரம்தான் என்று ஆக்கிக்கொண்டது. 2008-ல் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஜூன் மாதம் வரை இழுத்ததற்குப் பின்னால் இருந்தது அந்த விதிதான்.

அதிக ஓட்டு வாங்கியவர் குறைந்த பிரதிநிதி பெற முடியுமா?

பெற்றிருக்கிறார்கள். 2008 மார்ச் 4, டெக்சஸ். பிரைமரியில் ஹிலாரி 51, ஒபாமா 47. இறுதிக் கணக்கில் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94.

இரண்டு காரணம். டெக்சஸில் அப்போது பகலில் பிரைமரி, வாக்குப்பதிவு முடிந்த பின் இரவில் காக்கஸ் என்று இரண்டு அடுக்கு. காக்கஸில் ஒபாமா ஆட்கள் திரண்டு வந்தார்கள். இரண்டாவது காரணம் வட்டாரம். அங்கே பிரதிநிதி இடங்களை மாநில செனட் தொகுதிவாரியாகப் பிரிப்பார்கள். முந்தைய தேர்தல்களில் கட்சிக்கு அதிகம் ஓட்டுப் போட்ட தொகுதிக்கு அதிக இடம். ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின் பகுதிகளுக்கு அப்படி இடம் கூடுதல், அவை ஒபாமாவின் கோட்டை. ஹிலாரிக்கு ஓட்டைக் கொட்டிய எல்லைப்பகுதித் தொகுதிகளுக்கு இடம் குறைவு. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு 20 ஆண்டுக்கு முன் டுகாகிஸைத் தூக்கிவிட்டது. ஹிலாரிக்கு அதே அளவு கைகொடுத்தும் கணக்கில் பலிக்கவில்லை.

குடியரசுக் கட்சியிலும் இப்படித்தானா?

அங்கே விதி வேறு. பல மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே எல்லாம். அதனால் அங்கே ஓட்டு பிரிவது நேரடியாகக் கழுத்தை அறுக்கும். 1988-ல் அதே மார்ச் 8-ல் அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ் நடந்த 16 பிரைமரிகளையும் அள்ளினார். வாஷிங்டன் மாநில காக்கஸ் மட்டும் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சனுக்கு. ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் தங்கள் கட்சிக்காகக் கட்டிய நாள், எதிர்க்கட்சியின் போட்டியை ஒரே இரவில் முடித்து வைத்தது.

ஓட்டுப் பிரிவுக்குச் சரியான படம் 2016 தென் கரோலினா. டிரம்ப் 32.5 சதவீதம், ரூபியோ 22.5, குரூஸ் 22.3, மீதியை ஜெப் புஷ், கேசிக், கார்சன் பங்கிட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் டிரம்புக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார்கள். 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கு. ஐம்பதும்.

பின்னால் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு விட்டுக்கொடுக்கக் கூடாதா?

சொல்வது சுலபம். 2016 மார்ச்சில் ரூபியோவின் ஊரான ஃபுளோரிடாவும் கேசிக்கின் ஊரான ஒஹாயோவும் ஒரே நாளில் ஓட்டுப் போட இருந்தன. ஒஹாயோவில் டிரம்பை நிறுத்த வேண்டுமானால் கேசிக்குக்குப் போடுங்கள் என்று ரூபியோ தரப்பே சொன்னது. பதில் மரியாதையை எதிர்பார்த்துத்தான். கேசிக் தரப்பு சொன்ன பதிலின் சாரம்: உங்கள் உதவி இல்லாமலேயே ஒஹாயோவில் ஜெயிப்போம், எங்கள் உதவி இல்லாமலேயே நீங்கள் ஃபுளோரிடாவில் தோற்பீர்கள். இரண்டும் அப்படியே நடந்தன.

அடுத்த மாதம் குரூஸும் கேசிக்கும் ஒரு உடன்பாடு போட்டார்கள். இண்டியானாவைக் கேசிக் விட்டுக்கொடுப்பார். ஓரிகனையும் நியூ மெக்சிகோவையும் குரூஸ் விட்டுக்கொடுப்பார். அறிவித்த மறுநாளே கேசிக், இண்டியானாவில் என் ஆட்கள் எனக்குத்தான் போட வேண்டும் என்றார். அப்புறம் என்ன உடன்பாடு? மே 3-ல் இண்டியானா டிரம்புக்குப் போனது, அன்றிரவே குரூஸ் விலகினார், மறுநாள் கேசிக். தலைவர்கள் கைகுலுக்கினால் தொண்டர்களின் ஓட்டு பின்னாலேயே வரும் என்று நினைப்பது பழைய மயக்கம்.

நடந்த இடமும் உண்டு, 2020, ஜனநாயகக் கட்சியில். பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவில் பைடன் பெரிதாக ஜெயித்தார். அடுத்த இரண்டு நாளில் பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபஷாரும் விலகி, டல்லஸில் வந்து பைடனுக்கு ஆதரவு கொடுத்தார்கள். மார்ச் 3 சூப்பர் டியூஸ்டேயில் 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. ஆனால் அது உடன்பாடு இல்லை, முழுசாக விலகல். அப்போதும் கலிபோர்னியா, கொலராடோ போன்ற இடங்களில் தபாலில் முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலர் குறித்த பெயருக்கு உரியவர் போட்டியிலேயே இல்லை.

1988 கடைசியில் எப்படி முடிந்தது?

மார்ச் 15 இல்லினாயில் அந்த மாநில செனட்டர் பால் சைமன் வென்றார், ஜாக்சன் இரண்டாவது. மார்ச் 26 மிச்சிகன் காக்கஸில் ஜாக்சன் பாதிக்கு மேல் எடுத்து எல்லோரையும் திடுக்கிட வைத்தார். சில நாட்கள் அவர்தான் முன்னிலை என்ற பேச்சு அடிபட்டது. கெப்ஹார்ட் அதோடு விலகினார். ஏப்ரல் 5-ல் விஸ்கான்சின் டுகாகிஸ் பக்கம் சாய்ந்தது. கோர் நியூயார்க்கில் மேயர் எட் காச்சின் ஆதரவோடு கடைசி முயற்சி செய்து 10 சதவீதத்தில் நின்றார். (அந்த நியூயார்க் விவாதத்தில்தான் மாசசூசெட்ஸ் சிறைக்கைதிகளுக்கு விடுமுறை கொடுத்த திட்டத்தைக் கோர் எடுத்துப் போட்டார். நவம்பரில் அதே ஆயுதத்தை வைத்துத்தான் புஷ் தரப்பு டுகாகிஸைச் சாய்த்தது.)

ஜூலையில் அட்லாண்டா மாநாடு. ஜாக்சனின் பேச்சில் ஒரு இடம் இந்தத் தலைப்போடு நேராக ஒட்டும். கிரீன்வில்லில் பாட்டிக்குப் போர்வை வாங்க வசதி இல்லை. கம்பளித் துண்டு, பட்டுத் துண்டு, சாக்குத் துண்டு என்று கிடைத்த கந்தல்களை எடுத்து, தையல் போட்டு ஒரு போர்வையாக்கினார். விவசாயிகளே, உங்கள் கோரிக்கை நியாயம், ஆனால் உங்கள் துண்டு தனியாகப் போதாது; தொழிலாளர்களே, உங்கள் துண்டும் போதாது என்று ஒவ்வொரு கூட்டமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தவர் பேசியது அது.

டுகாகிஸ் துணை அதிபர் வேட்பாளராக டெக்சஸ் செனட்டர் லாய்ட் பென்ட்சனை எடுத்தார். பலனில்லை. நவம்பரில் புஷ் 40 மாநிலங்களை வென்றார், டெக்சஸ் உட்பட; பழைய தெற்கில் ஒன்றுகூட டுகாகிஸுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் தெற்கத்தி சூப்பர் டியூஸ்டே வீண்தானா?

நான்கு வருஷம் தாமதமாகப் பலித்தது. 1992-ல் ஜாக்சன் நிற்கவில்லை, கோர் நிற்கவில்லை, வர்ஜீனியாவின் கறுப்பின ஆளுநர் டக்ளஸ் வைல்டர் ஜனவரியிலேயே விலகிவிட்டார். தெற்கத்தியர் என்று நின்றவர் பில் கிளிண்டன் ஒருவர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து அவருக்குப் போட, மார்ச் 10-ல் டெக்சஸ், ஃபுளோரிடா, லூசியானா, மிசிசிப்பி, டென்னசி, ஓக்லஹோமா எல்லாம் அவர் கணக்கில். எதிரே நின்ற பால் சாங்கஸ் மாசசூசெட்ஸ்காரர், கிரேக்க வம்சாவளி. டுகாகிஸைப் போலவே. இந்த முறை தெற்கில் மூலைகள்கூட மிச்சமில்லை. துணை அதிபராகக் கிளிண்டன் யாரைச் சேர்த்துக்கொண்டார்? அல் கோரை.

ஓட்டு பிரியாமல் இருக்க வேறு வழியே இல்லையா?

விருப்ப வரிசை வாக்கு என்று ஒன்று இருக்கிறது. முதல் விருப்பம் இவர், அவர் தேறாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகக் குறிக்கலாம். 15 சதவீதக் கோட்டுக்குக் கீழே விழுந்தவரின் ஓட்டு அடுத்த பெயருக்குப் போகும். 2020-ல் அலாஸ்கா, வயோமிங், கான்சஸ், ஹவாய் ஆகிய நான்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி இதைப் பிரைமரியில் செய்து பார்த்தது. ஏற்பாடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மாநிலமான அலாஸ்காவில் முடிவு வந்தது ஏப்ரல் 11-ல். பைடனுக்கு எதிரே மிச்சமிருந்த ஒரே ஆளான பெர்னி சாண்டர்ஸ் அதற்கு மூன்று நாள் முன்பே விலகியிருந்தார்.